இணைவு உலைக்கு டிரிட்டியம் எங்கிருந்து வரும்? பிரிட்டனின் லிபர்ட்டி திட்டம்

அணுக்கரு இணைவு மின்சாரம் பற்றிய செய்திகளில் எரிபொருளைக் கடல் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் உண்மை. இணைவில் ஹைட்ரஜனின் இரண்டு கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஒன்றாகச் சேர்ந்துதான் ஆற்றல் தருகின்றன. டியூட்டீரியம் கடலில் கிடைக்கும், அதோடு சேர வேண்டிய டிரிட்டியம் கிடைக்காது. அதன் அரை ஆயுள் சுமார் 12.3 ஆண்டு, அதாவது பூட்டி வைத்தாலும் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கு மேல் தானாகவே கரைந்துபோகும். உலகில் ராணுவத்துக்கு வெளியே இருக்கும் கையிருப்பு சில பத்து கிலோதான். அதிலும் பெரும்பகுதி கனடாவின் கனநீர் உலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது (சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் உள்ள நீரைப் பயன்படுத்தும் அணு உலைகள் இவை, கல்பாக்கத்தின் சென்னை அணுமின் நிலையத்தில் இருப்பதும் இந்த வகைதான்). ஆனால் 1 ஜிகாவாட் இணைவு வெப்பத்தை ஒரு வருடம் இடைவிடாமல் எடுத்தால் சுமார் 56 கிலோ டிரிட்டியம் எரிந்துவிடும்.

ஆக, உலை தன் டிரிட்டியத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அதற்காக உலையைச் சுற்றி லித்தியம் கொண்ட ஒரு போர்வை அமைப்பார்கள். இணைவில் பிறக்கும் நியூட்ரான் லித்தியத்தில் மோதினால் டிரிட்டியம் பிறக்கும். சிக்கல் கணக்கில்தான். ஒரு டிரிட்டியம் எரிந்தால் கிடைப்பது ஒரே ஒரு நியூட்ரான், அதிலும் கொஞ்சம் சுவரிலும் குழாய்களிலும் வீணாகும், அதனால் ஈயம் அல்லது பெரிலியம் சேர்த்து நியூட்ரான்களைப் பெருக்க வேண்டியிருக்கிறது. எரிந்ததற்கு ஈடாகக் கிடைத்தாலும் போதாது. இன்றைய தயிரில் நாளைக்கு உறை மோர் எடுத்து வைப்பதுபோல அடுத்த உலையைத் தொடங்கவும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும்.

இது நடக்கும் என்று கணினிக் கணக்குகள் சொல்கின்றன. முழு உலை அளவில் யாரும் இன்னும் செய்து காட்டியதில்லை. அந்த இடைவெளிக்காகத்தான் பிரிட்டன் அரசு லிபர்ட்டி என்ற திட்டத்தை வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் யூராட்டம் ஆராய்ச்சித் திட்டத்தில் சேருவதில்லை என்று 2023-இல் முடிவு செய்தபின், அதற்குப் பதிலாக 65 கோடி பவுண்டு வரை ஒதுக்கி ஒரு உள்நாட்டுத் திட்டத்தை அறிவித்தார்கள். அதில் ஒரு பகுதிதான் லிபர்ட்டி, இதன் பங்கு 20 கோடி பவுண்டு. நடத்துவது பிரிட்டன் அணுசக்தி ஆணையம், இடம் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் உள்ள கல்ஹாம். ஜெட் என்ற பழைய இணைவு இயந்திரம் 2023 டிசம்பர் வரை ஓடியதும் அங்கேதான்.

இந்தப் பணத்தில் யாரும் உலைக்கு எரிபொருள் தயாரிக்கப் போவதில்லை. இணைவில் வருவது போன்ற 14 எம்இவி (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு) வேக நியூட்ரான்களைத் தரும் ஒரு கருவியை நிறுவி, அதன் முன்னால் லித்தியம் கலவைகளை வைத்து, எவ்வளவு டிரிட்டியம் பிறக்கிறது, அதை எப்படி வெளியே எடுப்பது, கணினி சொன்னதும் அளந்ததும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கப் போகிறார்கள். கருவியைத் தருவது அமெரிக்காவின் ஷைன் டெக்னாலஜீஸ். கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் என்னைக் கேட்டால் பல புதிய நிறுவனங்களின் பளபளப்பான உலைப் படங்களைவிட இந்த அளவீடுதான் முக்கியம், ஏனென்றால் அந்தப் படங்களில் போர்வை எப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும்!

பணம் ஆணையத்துக்குள்ளேயே சுற்றுவதில்லை. பல்கலைக்கழகங்களும் நிறுவனங்களும் விண்ணப்பிக்கலாம் என்று அழைப்பு விட்டு, சிறிய சோதனைகளுக்கும் கணினி மாதிரிகளுக்குமாக 12 திட்டங்களுக்கு 90 லட்சம் பவுண்டு ஒதுக்கினார்கள். அப்புறம் இதன் முடிவுகள் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று ஸ்டெப், நாட்டிங்ஹாம்ஷயரின் வெஸ்ட் பர்ட்டனில் 2040 வாக்கில் கட்டத் திட்டமிடும் மாதிரி மின் நிலையம்.

சரி, டிரிட்டியம் கதிரியக்கப் பொருள், அதை யார் கண்காணிப்பார்கள்? 2023-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டப்படி இணைவு நிலையங்களுக்கு வழக்கமான அணு உலைகளுக்கான உரிமம் தேவையில்லை. இங்கிலாந்தில் காற்றிலும் நீரிலும் எவ்வளவு வெளியேறலாம் என்பதைச் சுற்றுச்சூழல் முகமை அனுமதிச் சீட்டில் வரையறுக்கிறது, வேலை செய்பவர்களின் பாதுகாப்பு சுகாதாரம் மற்றும் பாதுகாப்பு நிர்வாகத்தின் பொறுப்பு.