மஞ்சள் கடுதாசி உண்மைதானா? கோர்ட் கோப்பில் தேடிப் பார்க்கும் வழி

ஒரு கடை நான்கு நாள் பூட்டிக் கிடந்தால் போதும், "மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டாராம்" என்ற பேச்சு, அதாவது திவால் ஆகிவிட்டார் என்ற பேச்சு, கடைவீதி முழுக்கப் பரவிவிடும். அவரிடம் புரோநோட்டு எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். "இனி என்ன செய்ய முடியும், கோர்ட்டே அவரைக் காப்பாற்றிவிட்டது" என்று நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டுவார்கள். எந்தக் கோர்ட், எந்த ஆண்டு, என்ன எண் என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

என் பக்கத்து வீட்டுப் பெரியவர் அப்படிப் பூட்டி வைத்தவர்களில் ஒருவர். இரண்டு லட்சம் ரூபாய். வாங்கியவர் மளிகை மொத்த வியாபாரி. "ஐ.பி. (திவால் மனு) போட்டிருக்கிறேன், இப்போது யாருக்கும் தரக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார்" என்று அந்த வியாபாரி சொன்னதை நம்பி அவர் இரண்டு வருடத்துக்கு மேல் சும்மா இருந்துவிட்டார். அவருக்காகத் தேடப் போய்த்தான் இதில் பாதியைக் கற்றுக்கொண்டேன்.

சட்டத்தில் மஞ்சள் என்ற சொல்லே இல்லை. அதில் இருப்பது நொடிப்பு மனு, அதாவது திவால் மனு. கோர்ட் பேச்சில் அதற்குப் பெயர் ஐ.பி. சென்னைக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற ஊர்களுக்கெல்லாம் 1920-ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டம். 2016-இல் வந்த புதிய திவால் சட்டம் இந்த இரண்டையும் நீக்குவதாகத் தன் 243-ஆம் பிரிவில் சொல்கிறது. அந்தப் பிரிவை இன்னும் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே மளிகைக் கடைக்காரர், தறி வைத்திருப்பவர், சம்பளக்காரர் போன்ற தனி மனிதர்களின் நொடிப்பு இன்றும் நூறு வயதைத் தாண்டிய சட்டத்தின்கீழ்தான் நடக்கிறது. மனு போடுவதற்கான குறைந்தபட்சக் கடன் என்று அதில் எழுதியிருப்பது 500 ரூபாய். சட்டத்தின் வயதுக்கு அதுவே சாட்சி. பதிவு பெற்ற கம்பெனி என்றால் கதை வேறு. அதற்கு உள்ளூர் கோர்ட்டில் தேடிப் பயனில்லை. சென்னையில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் அமர்வில் பார்க்க வேண்டும்.

ஐ.பி. எந்தக் கோர்ட்டில் இருக்கும்? கடன்பட்டவர் வழக்கமாகக் குடியிருக்கும் ஊர், அல்லது தொழில் நடத்தும் ஊர். சட்டப்படி மாவட்ட நீதிமன்றம்தான் நொடிப்பு நீதிமன்றம். கீழ் நீதிமன்றங்களுக்கும் அரசு அந்த அதிகாரத்தைத் தரலாம். நம் ஊர்களில் இந்த மனுக்கள் பெரும்பாலும் சப் கோர்ட்டில், அதாவது சார்பு நீதிமன்றத்தில் இருக்கும். முன்சீப் கோர்ட்டில் போய் ஐ.பி. கேட்டால் எதிர்க் கட்டடத்தைக் கைகாட்டுவார்கள். வீடு ஒரு தாலுகாவிலும் கடை இன்னொரு தாலுகாவிலும் இருந்தால் இரண்டு இடத்திலும் தேடுவதே நல்லது.

முதலில் வீட்டில் உட்கார்ந்து தேடலாம், காசு கிடையாது. இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுத்து, கட்சிக்காரர் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் வழக்குப் பட்டியல் வரும். பெயரில் குறைந்தது மூன்று எழுத்தாவது தர வேண்டும். நிலுவையில் உள்ளவை, முடிந்தவை என்று தனித்தனியாகக் கேட்கும், இரண்டையும் பாருங்கள். பலர் நிலுவையை மட்டும் பார்த்துவிட்டு "வழக்கே இல்லை" என்று எழுந்துவிடுகிறார்கள்.

ஆளைத் திணற வைப்பது பெயரின் எழுத்துக்கூட்டல்தான். கோர்ட் பதிவில் பெயர் ஆங்கில எழுத்தில் இருக்கும். சண்முகம் என்பதை எஸ் போட்டுத் தொடங்குபவரும் உண்டு, எஸ்-எச் போட்டுத் தொடங்குபவரும் உண்டு. சுப்பிரமணியனை எழுத எத்தனை வழி என்று எண்ணிப் பார்த்தால் கை விரல் போதாது. இனிஷியல் சிலருக்கு முன்னால், சிலருக்குப் பின்னால். பெரியவருக்காக நான் தேடியபோது முழுப் பெயரை நான்கு விதமாக அடித்தும் ஒன்றும் வரவில்லை. பெயரின் நடுவில் வரும் நான்கு எழுத்தை மட்டும் கொடுத்ததும் பதினேழு வழக்குகள் கொட்டின. அவற்றில் ஒன்றின் முன்னால் ஐ.பி. என்று இருந்தது. அப்பா பெயரையும் தெருவையும் ஒத்துப் பார்த்துத்தான் அது அவர்தான் என்று உறுதி செய்தேன். ஒரே பெயரில் ஒரு தாலுகாவில் பத்துப் பேர் இருப்பார்கள்; பெயர் ஒத்துப்போனதை மட்டும் வைத்து ஒருவரைத் திவாலானவர் என்று சொல்லிவிடக் கூடாது.

வழக்கு கிடைத்ததும் அதன் சி.என்.ஆர். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் பதினாறு இடம் கொண்ட எண் அது. தொடக்கத்தில் மாநிலக் குறியீடு, கடைசி நான்கு இலக்கம் ஆண்டு. நாட்டில் எந்த இரண்டு வழக்குக்கும் ஒரே சி.என்.ஆர். இருக்காது. அது கையில் இருந்தால் பெயர்த் தேடல் தொல்லை இனி இல்லை. கணினி வசதி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் இ-சேவை மையத்தில் கேட்கலாம். சாதிச் சான்று, வருமானச் சான்று தரும் இ-சேவை மையத்தை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே வழக்கு விவரம் கிடைக்காது.

இப்போது முக்கியமான இடம். ஐ.பி. இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். அது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதே முழுச் செய்தி. மனு தாக்கலாவது ஒரு கட்டம். நீதிமன்றம் விசாரித்து, இவர் நொடித்தவர் என்று அறிவிப்பது அடுத்த கட்டம். அந்த அறிவிப்பு வந்த பிறகுதான் அவருடைய சொத்து கோர்ட்டுக்கோ, சொத்தைப் பொறுப்பேற்கக் கோர்ட் நியமிக்கும் ரிசீவருக்கோ போய்ச் சேர்கிறது. கடன் கொடுத்தவர் கோர்ட் அனுமதி இல்லாமல் தனி வழக்குப் போட முடியாமல் போவதும் அதற்குப் பிறகுதான். வீட்டை அடமானமாக வாங்கியவருக்கு அந்தத் தடையும் இல்லை. அவர் தன் ஈட்டின் மீது நடவடிக்கை எடுக்கலாம். அறிவிப்பு உத்தரவை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு சொல்கிறது. பிறகு அவர் கடன்களிலிருந்து விடுவிப்புக் கேட்டு மனுப் போட வேண்டும். கோர்ட் குறித்த காலத்துக்குள் போடாவிட்டால் அறிவிப்பே ரத்தாகும். விடுவிப்புக் கிடைத்தாலும் அரசுக்குச் சேர வேண்டிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் அவரை விட்டுப் போகாது.

வக்கீல் நோட்டீஸ் மட்டும் வந்திருந்தால்? அது கோர்ட் உத்தரவு ஆகாது. ஆனால் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டேன் என்று கடன் கொடுத்தவர்களுக்கு அறிவிப்பதையே சட்டம் ஒரு நொடிப்புச் செயலாக எண்ணுகிறது. அன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் கடன் கொடுத்தவரே அவர் மீது நொடிப்பு மனுப் போடலாம். கடன்பட்டவரின் ஆயுதமாக மட்டும் ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் சட்டத்தில் எதிர்ப்பக்கத்துக்கும் இப்படி ஒரு கைப்பிடி இருக்கிறது.

கோர்ட்டிலிருந்து நோட்டீஸ் வந்தால் அதைக் கிழித்துப் போடாதீர்கள். கடன்பட்டவர் தன் மனுவில் கடன் கொடுத்த எல்லோருடைய பெயர், முகவரி, தொகை, தன் சொத்து விவரம் ஆகியவற்றைச் சொல்லியாக வேண்டும். தேடுகிறவருக்கு அந்தப் பட்டியல்தான் பொன். ஊரில் "மொத்தம் ஒரு கோடி" என்று பேசப்படுவது அதில் பதினெட்டு லட்சமாக இருக்கலாம். மைத்துனர், சகலை என்று உறவுக்காரர் பெயரில் திடீர்க் கடன்கள் முளைத்திருக்கலாம். வீடு மனுவுக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் மனைவி பெயருக்குச் செட்டில்மென்ட் ஆகியிருந்தால், அதைச் செல்லாததாக்கும்படி அதே சட்டத்தின் 53-ஆம் பிரிவின்கீழ் கேட்க வழி இருக்கிறது. நல்லெண்ணத்தோடு உரிய விலை கொடுத்து வாங்கியவரை அது தொடாது.

பட்டியலைப் பார்க்க நகல் வேண்டும். நகல் மனுவை எழுதி, கோர்ட் கட்டண வில்லை ஒட்டி, நகல் பிரிவில் கொடுப்பது வழக்கம். வழக்கில் நீங்கள் எதிர்மனுதாரர் என்றால் சிக்கல் இல்லை. வழக்கில் இல்லாத மூன்றாம் ஆள் என்றால், எதற்காக நகல் வேண்டும் என்று பிரமாண வாக்குமூலத்தோடு கேட்டு நீதிபதியின் உத்தரவு பெற வேண்டும். "தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போட்டால் வந்துவிடுமே" என்று சொல்பவர்கள் உண்டு. குஜராத் உயர் நீதிமன்ற வழக்கில் 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு சொல்லிவிட்டது: கோர்ட் கோப்பின் நகலுக்குக் கோர்ட் விதிகளின்படிதான் வர வேண்டும்.

நாங்கள் போன கோர்ட்டில் முதல் நாள் யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஜன்னலுக்குள் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "எண் இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றதும்தான் நிமிர்ந்தார். எண் இல்லாமல் வருகிறவரை அவர் எப்படி நடத்துவார் என்று எங்களுக்கு அடுத்து நின்றவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். பழைய வழக்கு என்றால் கணினியில் இருக்காது; பதிவேட்டைப் புரட்ட வேண்டும், கோப்பு பதிவறைக்குப் போயிருக்கும். காலம் கடந்த தாள்களை அழிப்பதற்கென்றே 1917-இல் ஒரு சட்டம் இருக்கிறது. அதனால் தேடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒருவரிடம் வீடு வாங்கப் போகிறவருக்கும் இதே தேடல் உதவும். வில்லங்கச் சான்று போதும் என்று நினைக்கிறோம். நிலுவையில் உள்ள உரிமையியல் வழக்கு தானாக வில்லங்கத்தில் ஏறுவதில்லை. விற்பவர் பெயரில் ஓ.எஸ். என்ற உரிமையியல் வழக்கு இருக்கிறதா, தீர்ப்பை நிறைவேற்றக் கோரும் இ.பி. இருக்கிறதா, ஐ.பி. இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. நொடித்தவர் என்ற அறிவிப்பு, மனு தாக்கலான நாளிலிருந்தே அமலுக்கு வந்ததாகச் சட்டம் கொள்கிறது. மனுவுக்குப் பிறகு, அது தெரிந்தே அட்வான்ஸ் கொடுத்தவர் மாட்டிக்கொள்வார்.

பெரியவரின் கதைக்கு வருகிறேன். அந்த ஐ.பி. உண்மைதான். எதிர்மனுதாரர் வரிசையில் ஒன்பதாவதாக அவர் பெயரும் இருந்தது. நோட்டீஸ் அவருடைய பழைய முகவரிக்குப் போய்த் திரும்பியிருந்தது. மனுதாரர் மூன்று வாய்தாவுக்குத் தொடர்ந்து வராததால் மனு தள்ளுபடியாகி இருபது மாதம் ஆகியிருந்தது. நொடித்தவர் என்ற அறிவிப்பு ஒரு நாளும் வந்ததில்லை. அதாவது பெரியவர் வழக்குப் போடுவதற்கு இடையில் எந்தத் தடையும் இருந்ததில்லை. நோட்டுக்கான மூன்று வருடக் காலவரையறை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அறிவிப்பு வந்து பிறகு ரத்தாகியிருந்தால் இடைப்பட்ட காலத்தைக் கழித்துக்கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வெறும் தள்ளுபடிக்கு அப்படி எதுவும் இல்லை.

தள்ளுபடி உத்தரவின் நகலோடு வீட்டுக்கு வந்து, பீரோவைத் திறந்து நோட்டின் தேதியைப் பார்த்தோம். இன்னும் பதினொரு வாரம் இருந்தது. மறுநாள் காலையிலேயே வக்கீலைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.