தையல் ஏன் துணியை இழுத்துச் சுருக்குகிறது?

தையல் கையேடுகளின் கடைசிப் பக்கங்களில் கோளாறு அட்டவணை ஒன்று இருக்கும். 'துணி சுருங்கினால்' என்ற வரிக்கு நேரே பெரும்பாலும் ஒரே மருந்துதான்: 'மேல் நூல் டென்ஷனைத் தளர்த்தவும்.' அதாவது நூலின் இறுக்கத்தைக் குறைக்கச் சொல்கிறது. அதை நம்பித் திருகைத் தளர்த்திக்கொண்டே போனால், தையலின் அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். சுருக்கம் மட்டும் போகாது. ஏனென்றால் தையல் சுருக்கத்துக்குக் காரணங்கள் பல. டென்ஷன் அவற்றில் ஒன்று, அவ்வளவுதான்.

திருகில் கை வைக்கும் முன் கத்தரியை எடுக்க வேண்டும். சுருங்கிய தையலில் ஒரு சாண் நீளத்துக்கு, ஒவ்வொரு தையலிலும் மேல் நூலை மட்டும் வெட்டுங்கள். நூலை உருவக் கூடாது. அது துளைக்குள்ளேயே இருக்கட்டும். துணி உடனே படிந்துவிட்டால் மேல் நூல்தான் இறுக்கம். படியாவிட்டால் பாபின் நூலையும், அதாவது அடியில் உள்ள சிறு உருளையிலிருந்து வரும் கீழ் நூலையும், அப்படியே வெட்டுங்கள். அதன் பின் படிந்தால் குற்றம் கீழே. இரண்டையும் வெட்டிய பிறகும் அலையாகவே இருந்தால், நூலை முழுக்க உருவிவிட்டு இரண்டு துணிகளையும் அருகருகே வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். ஒன்று நீண்டிருந்தால், மிஷினின் அடியிலிருந்து துணியைத் தள்ளும் பல்லின் வேலை. இரண்டும் ஒரே நீளமாக இருந்து, நூல் போனதும் துணி படிந்துவிட்டால், நூலுக்குத் துணியில் இடம் இல்லாமல் போனதுதான் காரணம்.

டென்ஷன் கோளாறு எளிமையானது. பாலியஸ்டர் நூல் இழுத்தால் நீளும், விட்டால் மெல்லப் பழைய நீளத்துக்குத் திரும்பும். நீண்ட நிலையில் தைக்கப்பட்ட நூல் பிறகு திரும்பும்போது துணியையும் சேர்த்து இழுக்கிறது. மாலையில் சீராக இருந்த தையல் மறுநாள் காலையில் சுருங்கி நிற்பது இதனால்தான். இதில் பலரும் கவனிக்காத இடம் பாபின் சுற்றுவது. முழு வேகத்தில் இறுக்கிச் சுற்றிய பாபினில் நூல் ஏற்கெனவே நீண்டுதான் இருக்கும். பாபின் உட்காரும் கேஸின் திருகை எவ்வளவு தளர்த்தினாலும் அது மாறாது. நடுத்தர வேகத்தில், முக்கால் பங்குக்குச் சற்று மேல்வரை சுற்றினால் போதும். கேஸின் இறுக்கத்தைப் பார்க்க, பாபின் நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிட்டு லேசாக ஒரு உதறு உதறுங்கள். கொஞ்சம் இறங்கி நின்றால் சரி. தடதடவென்று இறங்கினால் தளர்வு, அசையாவிட்டால் இறுக்கம். கீழ் நூலை முதலில் சரிசெய்து, இரண்டு நூலும் பின்னும் இடம் இரண்டு துணிகளுக்கும் நடுவே விழும் அளவுக்கு மட்டுமே மேல் நூலை இறுக்க வேண்டும்.

கையேடுகள் அதிகம் பேசாதது இடப் பிரச்சினையைத்தான். பாப்ளின், தாஃபெட்டா, குடைத்துணி போன்ற நெருக்கமான நெசவில் பாவுக்கும் (நீளவாக்கு இழை) ஊடைக்கும் (குறுக்கு இழை) இடையே காலி இடம் மிகக் குறைவு. டெக்ஸ் 25 நூல், அதாவது 1,000 மீட்டர் 25 கிராம் எடையுள்ளது, ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் தடிமன். ஒவ்வொரு துளையிலும் மேல் நூலும் கீழ் நூலும் ஒன்றையொன்று பின்னி உள்ளே உட்காருகின்றன. அந்த இடத்துக்காக இழைகள் விலக வேண்டியிருக்கிறது. தையல் கோடு மட்டும் இப்படி நீள முயல்கிறது, பக்கத்துத் துணி பழைய நீளத்திலேயே நிற்கிறது. மிஞ்சிய நீளம் போக வழியில்லாமல் அலையாக எழும்புகிறது. டென்ஷனைத் தளர்த்தி இதைச் சரிசெய்யவே முடியாது.

வழி, உள்ளே திணிக்கும் நூலைக் குறைப்பதுதான். 50 சென்டிமீட்டர் கோட்டில் ஒரு தையலின் நீளம் 2 மில்லிமீட்டர் என்று வைத்தால் 250 துளைகள், 2.5 வைத்தால் 200. நூலை டெக்ஸ் 18க்கு மாற்றலாம். 14 எண் ஊசியின் தண்டு 0.90 மில்லிமீட்டர், 11 எண் ஊசி 0.75, 9 எண் 0.65, துணி தாங்கும் வரை சிறியதற்கு இறங்கலாம். ஆனால் கக்கம், பேன்ட்டின் பின்தையல் போன்ற இழுபடும் இடங்களில் நூலை மெலிதாக்கினால் தையல் பிரியும். அங்கே கொஞ்சம் சுருக்கத்தைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. பாவு வழியே தைக்கும்போது இந்தச் சுருக்கம் அதிகம், ஊடை வழியே குறைவு, கிராஸில், அதாவது மூலைவாக்கில், மிகக் குறைவு. கிராஸில் இழைகள் சாய்ந்து வழிவிடுகின்றன. அதனால் பாவுக்கு 10 முதல் 15 டிகிரி சாய்வாகப் பக்கத்தையல் விழும்படி பேட்டர்னை வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அடுத்தது பல். ஊசித் தட்டின் கீழிருந்து எழும் பல் அடித்துணியைப் பிடித்துத் தள்ளுகிறது. துணியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஃபுட் மேல்துணியின் மீது உராய்ந்து அதைத் தடுக்கிறது. அதனால் அடித்துணி அதிகமாக உள்ளே போய்ச் சுருங்குகிறது, கடைசியில் மேல்துணி மிஞ்சி நிற்கிறது. 50 சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டை வெட்டி, 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுத் தைத்துப் பாருங்கள். கோடுகள் எவ்வளவு விலகின என்பது கண்ணுக்கே தெரியும். ஃபுட்டின் அழுத்தத்தைக் குறைப்பது முதல் வேலை. பிறகு டெஃப்லான் ஃபுட், மெல்லிய துணிக்கு நெருக்கமான பற்கள், பல்லின் உயரம் 0.8 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைத்தல். துணியை முன்னும் பின்னும் சமமாகப் பிடித்துக்கொள்ளலாம். பின்னாலிருந்து மட்டும் இழுத்தால் ஊசி வளைந்து தட்டில் மோதும்.

இதே குணத்தைக் கைதேர்ந்த தையல்காரர்கள் வேலைக்கும் வாங்குகிறார்கள். சட்டையில் கை ஏற்றும்போது கையின் வளைவு, உடல் பகுதியில் கைக்காக வெட்டிய ஆம்ஹோலைவிடச் சற்று நீளமாக இருந்தால், கையைக் கீழே வைத்துத் தைப்பார்கள். மிஞ்சும் நீளத்தைப் பல்லே உள்ளே தள்ளிவிடும். குண்டூசிகள் குத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

இவை எதிலும் அகப்படாமல், துவைத்த பிறகே தலைகாட்டும் சுருக்கமும் உண்டு. ஆயத்த ஆடைத் துறையில் தையலின் சீர்மையைத் துவைத்து உலர்த்திய பிறகுதான், படங்களோடு ஒப்பிட்டு 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறார்கள். 5 என்றால் சுருக்கமே இல்லை. நம் வீடுகளில் இதன் தெளிவான உதாரணம் புடவை ஃபால். புடவை பாலியஸ்டர், ஃபால் நனைக்காத பருத்தி என்று வையுங்கள். இரண்டரை மீட்டர் ஃபால் 3 விழுக்காடு சுருங்கினால் 7.5 சென்டிமீட்டர் குறையும், புடவை குறையாது. கீழ்விளிம்பு முழுக்கக் கொசுவம் பிடித்ததுபோல் ஆகிவிடும். பிரித்து மறுபடி தைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஃபாலை இரண்டு மணி நேரம் நனைத்து, பிழியாமல் நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகு தைத்தால் இந்தத் தொல்லை வராது. ஃபால் சாயம் விடுகிறதா என்பதும் அந்த வாளித் தண்ணீரிலேயே தெரிந்துவிடும்.