சோலார் பேனல் இருக்கட்டும், முதலில் சீகாக்கைப் பாருங்கள்

மலேசியாவின் லங்காவித் தீவில் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்குவது அப்படியொன்றும் எட்டாத காரியமில்லை. ஆஸ்திரேலியாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ உலகம் சுற்றக் கிளம்பியவர்களில் பலர் இங்கே வந்து சேர்ந்ததோடு ஓய்ந்துவிடுகிறார்கள். ஒருவருக்கு முட்டி வலி, இன்னொருவருக்குக் கையிருப்பு தீர்ந்துவிட்டது, வேறொருவருக்கு ஊரில் பேரன் பிறந்துவிட்டான். 1987 முதல் இது வரியில்லாத் தீவு என்பதால் படகுகள் வந்து தங்குவதும், இங்கேயே கைமாறுவதும் சாதாரணம். முப்பது நாற்பது வயதான 35 அடிப் படகு ஒரு நல்ல காரின் விலைக்குக் கிடைத்துவிடும்.

பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூர் பக்கமிருந்து நம்மவர்களும் இப்போது வாங்குகிறார்கள். படகுகளின் நிலையைச் சோதித்துச் சொல்லும் சர்வேயராக எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் வாங்கிய கையோடு அவர்கள் போடும் செலவுப் பட்டியலைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பெரிய ஜிபிஎஸ் திரை, சோலார் பேனல், லித்தியம் பேட்டரி, ஃபிரிட்ஜ், மெத்தைக்குப் புது உறை. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருப்பவை. படகை மூழ்கடிக்கிற சாமான்களோ பலகைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், கை நுழையாத மூலையில் இருக்கின்றன.

நான் எல்லோரிடமும் சொல்லும் வரிசை இது: முதலில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது, அடுத்து பாய்மரம் விழக்கூடாது, அதற்கடுத்து தீப்பிடிக்கக்கூடாது. இந்த மூன்றுக்கும் செலவழித்தது போக மிச்சம் இருந்தால் ஆசைப்பட்டதை வாங்கிப் பூட்டுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். உங்கள் படகின் அடியில் எத்தனை ஓட்டை இருக்கிறது தெரியுமா? கழிவறைக்குத் தண்ணீர் வர ஒன்று, போக ஒன்று, சமையல் தொட்டிக்கு ஒன்று, எஞ்சினைக் குளிர்விக்க ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் பத்தைத் தொட்டுவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு வால்வு இருக்கும். அதைத்தான் சீகாக் என்கிறோம். வாங்கி ஒரு வருடமாகியும் எல்லாச் சீகாக்கும் எங்கே இருக்கிறதென்று தெரியாத உரிமையாளர்களைப் பார்த்திருக்கிறேன்.

அண்மையில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் படகைக் கரையேற்றி வைத்திருந்தார். "தம்பி, இந்தத் திரையை சுக்கான் பக்கத்தில் வைக்கலாமா, உள்ளே வைக்கலாமா?" என்று கேட்டார். "அண்ணே, அது இருக்கட்டும், கொஞ்சம் கீழே குனியுங்கள்" என்று படகுக்கு அடியில் கூட்டிப்போனேன். சீகாக்கின் வெளி விளிம்பில் பெயிண்ட்டைக் கத்தியால் சுரண்டிக் காட்டினேன். மஞ்சளாக மின்ன வேண்டிய இடம் இளஞ்சிவப்பாக, சொரசொரவென்று இருந்தது. உள்ளே போய்க் குழாய் மாட்டும் பகுதியைச் சின்ன சுத்தியலால் லேசாகத் தட்டினேன். டங்கென்று ஒலிக்கவில்லை, பொத்தென்று ஒரு சத்தம், கையோடு ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அண்ணன் அதற்கப்புறம் திரையைப் பற்றிப் பேசவில்லை.

நடந்தது இதுதான். சாதாரணப் பித்தளையில் செம்போடு கிட்டத்தட்ட 40 சதவீதம் துத்தநாகம் கலந்திருக்கும். உப்புத் தண்ணீரில் துத்தநாகம் மட்டும் மெல்லக் கரைந்து போய்விடும். மிஞ்சுவது பஞ்சு போன்ற செம்பு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. வெண்கலத்துக்கு இந்த வியாதி வராது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1970களில் கட்டிய படகுகளில் பெரும்பாலும் நல்ல வெண்கலம் இருக்கும். அதற்குப் பிந்தியவற்றில்தான் பித்தளை அதிகம். 1998 முதல் ஐரோப்பாவில் கட்டாயமான உல்லாசப் படகு விதிகளையொட்டிய ஐஎஸ்ஓ 9093 தரநிலை, இத்தகைய பொருத்துகள் ஐந்து வருடம் பழுதில்லாமல் இருந்தாலே அரிப்பைத் தாங்குபவை என்று ஏற்றுக்கொண்டது. மலிவான பித்தளைக்கு அது போதும். ஐந்து வருடத்துக்கு அப்புறம் படகு உங்கள் தலையில்!

மாற்றும்போது வெண்கலம் போடுங்கள், அல்லது துத்தநாகம் கரையாத வகைப் பித்தளை போடுங்கள். கண்ணாடி இழை கலந்த நைலான் வால்வுகளும் நன்றாகவே உழைக்கின்றன. அவற்றுக்கு அரிப்பு என்ற பேச்சே இல்லை. குழாயை இறுக்கும் கிளாம்புகளைக் காந்தம் வைத்துப் பாருங்கள். பட்டை எவர்சில்வராக இருக்கும், அதிலுள்ள திருகாணி சாதா இரும்பாக இருக்கும். இந்த ஏமாற்று வேலை ஹார்ட்வேர் கடைகளில் சகஜம். மாதம் ஒருமுறை ஒவ்வொரு சீகாக்கையும் மூடித் திறங்கள், இல்லையென்றால் தேவைப்படும் அன்று கைப்பிடி அசையாது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் அளவுக்கேற்ற கூம்பு வடிவ மரத்தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்; வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க அதுதான் கைகொடுக்கும்.

"அதுதான் தண்ணீரை இறைத்து வெளியேற்ற பம்ப் இருக்கிறதே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே 38 மி.மீ. ஓட்டை ஒன்று திறந்துகொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 140 லிட்டர் உள்ளே வரும். மணிக்கு 2000 (அமெரிக்க) காலன் என்று பெட்டியில் அச்சடித்த பம்ப், தண்ணீரை மேலே தூக்க வேண்டிய அவசியமே இல்லாதபோது நிமிடத்துக்கு 126 லிட்டர் இறைக்கும். குழாய் வளைவு, உயரம், தளர்ந்த பேட்டரி எல்லாம் சேர்ந்தால் அதில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம்.

அடுத்தது பாய்மரம். அதை நிறுத்தி வைத்திருப்பவை சில எவர்சில்வர் கம்பிக் கயிறுகள். பளபளப்பைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். எவர்சில்வருக்குத் துரு பிடிக்காமலிருக்கக் காற்றுப் பட வேண்டும். ஈரம் தேங்கிக் காற்றுப் புகாத இடுக்கில் அது ரகசியமாக அரிக்கும். கம்பியின் கீழ்முனை, அழுத்திப் பொருத்திய குழலுக்குள் நுழையும் இடம், கம்பியைப் படகோடு பிணைத்து மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் எவர்சில்வர் பட்டை ஆகிய இரண்டும்தான் முக்கியமானவை. கம்பி வழியே வழியும் உப்புத் தண்ணீர் கீழ்முனைக் குழலில் போய்த் தேங்குவதால் மேல்முனையைவிடக் கீழ்முனைதான் முதலில் கெடும். கம்பியை மேலிருந்து கீழாக ஒரு டிஷ்யூ தாளால் துடைத்துக்கொண்டே வாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் தாள் மாட்டிக் கிழியும். (வெறுங்கையால் துடைக்க வேண்டாம், பிறகு என்னைத் திட்டுவீர்கள்.) ஓர் இழை அறுந்திருந்தால் அந்தக் கயிற்றின் கதை முடிந்தது. இன்னும் ஒரு பயணம் தாங்கும் என்ற பேச்சு வேண்டாம்.

காப்புறுதி நிறுவனங்கள் பல, கம்பிக்குப் பத்து வயதானால் மாற்றச் சொல்கின்றன. நம் வெயிலுக்கும் உப்புக்கும் அது தாராளமான கணக்கு என்பது என் அபிப்பிராயம். பாய்மரம் போனால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே உண்டு. 1999-இல் லங்காவியிலிருந்து ஜாலூர் கெமிலாங் படகில் தனியாளாக உலகைச் சுற்றிய அஸ்ஹார் மன்சோருக்கு வழியில் பாய்மரம் முறிந்தது. ஃபாக்லாந்துத் தீவுகளில் ஒதுங்கிச் சரிசெய்துகொண்டுதான் மேற்கொண்டு போக முடிந்தது. அவருக்குப் பின்னால் ஒரு தேசமே இருந்தது. நமக்குப் பின்னால் வங்கிக் கணக்கு மட்டும்தான்.

சரி, இப்போது சோலார் பேனலுக்கு வருவோம். நான் சோலாருக்கு எதிரி இல்லை. அதைப் பூட்டும் விதம்தான் பிரச்சினை. ஃபைபர் படகுகளின் மேல்தளம் பெரும்பாலும் கெட்டியான ஃபைபர் இல்லை. மேலும் கீழும் மெல்லிய ஃபைபர், நடுவில் பால்சா என்ற இலேசான மரம். பேனலுக்குத் தாங்கி வைக்க நான்கு துளை போட்டு, சிலிக்கான் பசையைப் பிதுக்கி, போல்ட்டை முடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு மழைக்காலம் கழிந்ததும் பசை விலகும். பால்சா தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். மேலே நின்றால் தளம் மெத்தென்று அமுங்குவதை உணரும்போது சதுர மீட்டர் கணக்கில் மரம் அழுகியிருக்கும். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தளம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் டக் டக் என்னும், அழுகிய இடம் சத்தத்தை விழுங்கும்.

முறையாகச் செய்வதென்றால் துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, ஓரத்து மரத்தைச் சுரண்டி எடுத்து, அங்கே கெட்டியாகக் குழைத்த எபாக்ஸிப் பிசினை நிரப்ப வேண்டும். அது இறுகிய பிறகு நடுவில் சரியான அளவுத் துளை. இப்படிச் செய்தால் பசை விலகினாலும் மரத்துக்குத் தண்ணீர் போகாது. அரை நாள் வேலை இரண்டு நாளாகும் என்பது உண்மை. அதனால்தான் யாரும் செய்வதில்லை.

லித்தியம் பேட்டரிதான் இப்போதைய மோகம். படகுகளுக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை கைப்பேசி பேட்டரியைவிடச் சாதுவானது. தீ பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள வயரிங்கில்தான் வருகிறது. பழைய ஈயபேட்டரி நிரம்ப நிரம்ப, மின்சாரம் ஏற்றிக்கொள்வதைத் தானே குறைத்துக்கொள்ளும். லித்தியம் கிட்டத்தட்ட நிறையும் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். எஞ்சினில் மின்சாரம் தயாரிக்கும் சாதா ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் மணிக்கணக்கில் ஓடப் பிறந்ததில்லை; சூடேறிக் கருகிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. பேட்டரிக்குள் இருக்கும் காவல் சுற்று ஏதாவது காரணத்தால் சட்டென்று இணைப்பைத் துண்டித்தால், ஆல்டர்னேட்டரில் வோல்டேஜ் எகிறி டயோடுகள் போகும், கூடவே அந்தப் புதுத் திரையும் போகலாம்.

ஆகவே ஆல்டர்னேட்டரை ஸ்டார்ட்டர் பேட்டரியோடு விட்டுவிட்டு, அங்கிருந்து மின்னோட்டத்தை அளவோடு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லித்தியத்துக்குக் கொடுங்கள். பேட்டரிக்கு அருகிலேயே, அதன் ஷார்ட் சர்க்யூட் மின்னோட்டத்தைத் தாங்கி அறுக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) வகை ஃப்யூஸ் வேண்டும். எஞ்சின் அறையில் பேட்டரியை வைக்காதீர்கள். வீட்டு வயரை வாங்கி ஓட்டாதீர்கள்; வெள்ளீயம் பூசாத செம்பு கடற்காற்றில் உறைக்குள்ளேயே கறுத்துவிடும். படகுகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமெரிக்காவின் ஏபிஒய்சி அமைப்பு 2022-இல் லித்தியத்துக்கென்றே இ-13 என்ற தரநிலையைக் கொண்டுவந்தது. உங்கள் எலெக்ட்ரீஷியனிடம் அதைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் எதுக்குங்க, நான் பார்த்துக்கிறேன்" என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, படகின் அடிவயிற்றில் போய்த் தேங்கும். சிலிண்டர் பெட்டியிலிருந்து வெளியே வடியும் துளை அடைபடாமல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அங்கே கயிற்றைச் சுருட்டிப் போட்டு அடைத்திருப்பதைத்தான் வழக்கமாகப் பார்க்கிறேன்.

எஞ்சினுக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. டீசல் தொட்டியை நிரப்பியே வைத்திருந்தால் உள்ளே வியர்வை கோர்க்காது, கறுப்புச் சேறும் அவ்வளவாக வளராது. கடல் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். மற்ற உலோகங்களுக்கு வரும் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள அடியில் மாட்டியிருக்கும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்ததும் மாற்றுங்கள். பாசித்தடுப்புப் பெயிண்ட் அடிக்கும்போது அதன்மேலும் சேர்த்துப் பூசிவிடாதீர்கள். பூசியதைப் பார்த்திருக்கிறேன். பழைய பெயிண்ட்டைக் காய்ந்தபடியே தேய்க்காதீர்கள். அந்தத் தூசி விஷம், ஈரமாக்கித் தேயுங்கள், முகமூடி போடுங்கள்.

மறுபக்கம், பலரும் வீணாகப் பயப்படுவது அடிப்பகுதியில் வரும் கொப்புளங்களுக்கு. இணையத்தில் படித்துவிட்டுத் தூக்கமில்லாமல் என்னைக் கூப்பிடுகிறார்கள். கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் கண்டதில்லை. பெரிதாக, ஆழமாக இருந்தால் திறந்து காயவைத்து அடைக்கலாம். மற்றபடி அந்தப் பணத்தில் ஒரு அளவு பெரிய நங்கூரமும், கையால் அடிக்கும் பம்ப் ஒன்றும், சுற்றிலும் எந்தக் கப்பல் எங்கே போகிறதென்று காட்டும் ஏஐஎஸ் கருவியும் வாங்குங்கள். மலாக்கா நீரிணையில் கப்பல்களுக்கு நடுவே போகிறவர்களுக்கு ஏஐஎஸ் வீண் செலவில்லை.

கடைசியாகக் கீல், அதாவது படகு கவிழாமல் இருக்க அடியில் பூட்டியிருக்கும் கனமான பகுதி. 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற 40 அடிப் படகு ஆன்டிகுவாவிலிருந்து இங்கிலாந்து திரும்பும் வழியில் நடு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்தது. நான்கு பேரும் போய்விட்டார்கள். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் சேர்ந்து கீல் இணைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது பிரிட்டிஷ் விபத்து விசாரணை. ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, படகு எப்போதாவது தரைதட்டியிருக்கிறதா என்பதுதான். இல்லை என்றுதான் சொல்வார். நீங்களே பாருங்கள். லங்காவியில் எபாக்ஸி, பெயிண்ட் வேலைக்குத் தோதான காய்ந்த காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை; யார்டில் இடம் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். படகைத் தூக்கும் அன்று தவறாமல் நேரில் இருங்கள். கிரேன் பட்டையில் தொங்கும்போது கீலும் உடலும் சேரும் கோடு லேசாகத் திறந்து தண்ணீர் வடிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துப் படம் எடுங்கள். கீழே கட்டையில் உட்கார வைத்துவிட்டால் படகின் எடையே அந்தக் கோட்டை மூடிவிடும், ஒன்றும் தெரியாது. கிரேன்காரரிடம் பத்து நிமிடம் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.