களவா: 'குரூப்'பில் சேராத குரூப்பர்

குரூப்பர் (பெயர்ச்சொல்): பவளப்பாறைகளிலும் கடலோரப் பாறை இடுக்குகளிலும் வாழும், வாய் அகன்ற, உடல் தடித்த மீன்களைக் குறிக்கும் பொதுப்பெயர். தமிழ்ச் சொல்: களவா. கலவா என்றும் எழுதுவார்கள்.

ஆங்கிலப் பெயரைக் கேட்டதும் 'குரூப்' என்ற சொல் நினைவுக்கு வரும். கூட்டம் கூட்டமாகத் திரியும் மீன் போலிருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவோம். 'குழுமீன்' என்று மொழிபெயர்க்கவும் கை நீளும். இரண்டும் தவறு. குரூப்பருக்கும் குரூப்புக்கும் ஒலி ஒற்றுமை தவிர வேறு உறவில்லை. போர்த்துகீசிய மொழியில் இந்த மீனுக்கு 'கரோப்பா' என்று பெயர். அந்தச் சொல்லும் தென்னமெரிக்கப் பழங்குடி மொழி ஒன்றிலிருந்து போர்த்துகீசியர் வாங்கிக்கொண்டதாக இருக்கலாம் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலேயர் வாயில் நுழைந்து குரூப்பர் ஆனது. ஹாங்காங் ஆங்கிலத்தில் அந்தப் பழைய போர்த்துகீசிய வடிவம் இன்றும் புழங்குகிறது.

அறிவியல் பெயரிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. களவா இனங்கள் பலவற்றின் பேரினப் பெயர் எபினெஃபெலஸ். மருத்துவம் படித்தவர்களுக்கு உடனே அட்ரினலினின் இன்னொரு பெயரான எபிநெஃப்ரின் நினைவுக்கு வரும். அதில் இருப்பது சிறுநீரகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மீனின் பெயரில் இருப்பதோ மேகத்தைக் குறிக்கும் சொல். எபினெஃபெலஸ் என்றால் 'மேகம் படர்ந்தது'. தமிழிலும் களவாவைக் களவோடு முடிச்சுப் போட நாக்கு துடிக்கும். பாறைக்குள் பதுங்கிக் கிடந்து இரையைத் திருடும் மீன் என்று கதை கட்டவும் வசதிதான். ஒலி ஒத்துப்போவதாலேயே உறவு கொண்டாட முடியாது என்பதை இப்போதுதான் பார்த்தோம். இதையும் அப்படியே விட்டுவிடலாம்.

பெயரைக் கொண்டு மீனைக் கற்பனை செய்தால் எவ்வளவு தூரம் விலகிப்போவோம் என்பதற்கு நசாவு களவா நல்ல சான்று. பஹாமாஸ் நாட்டுத் தலைநகரின் பெயரைத் தாங்கிய இந்த இனம் கரீபியன் கடலிலும் அதையடுத்த மேற்கு அட்லாண்டிக் பகுதிகளிலும் வாழ்கிறது. இதன் இனப்பெயர் ஸ்ட்ரியாட்டஸ். 'வரியுடையது' என்று பொருள். வெளிறிய உடலில் ஐந்து கரும்பட்டைகள். வால் தொடங்கும் இடத்தின் மேல்புறம் சேணம் போட்டதுபோல ஒரு கரும்புள்ளி. உடலின் நிறம் சில நிமிடங்களில் மாறிவிடும், அந்தக் கரும்புள்ளி மட்டும் அழியாது. அடையாளம் காண அதைப் பார்த்தால் போதும்.

இது தனிக்கட்டை. தனக்கென்று ஒரு பாறை இடுக்கு, அதைச் சுற்றிக் கொஞ்சம் வேட்டைக்களம். இரையைத் துரத்தி ஓடும் வழக்கம் குறைவு. அசையாமல் காத்திருக்கும், நண்டோ சிறுமீனோ அருகில் வந்ததும் வாயைச் சட்டென்று அகலத் திறக்கும். வாய்க்குழிக்குள் பாயும் நீரோடு இரையும் உள்ளே போய்விடும்.

களவா என்றாலே பெண்ணாகப் பிறந்து பின்னர் ஆணாக மாறும் மீன் என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். பல இனங்களுக்கு அது பொருந்தும். நசாவு களவாவையும் ஒருகாலத்தில் அந்தப் பட்டியலில்தான் வைத்திருந்தார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், இதில் பெரும்பாலான மீன்கள் இளம்பருவத்திலிருந்து நேராக ஆணாகவோ பெண்ணாகவோ முதிர்கின்றன என்று காட்டின. முதிர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அவசரப்படாத மீன்.

ஆண்டில் சில நாட்கள் மட்டும் இந்தத் தனிக்கட்டை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்கிறது. குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி, பல கிலோமீட்டர் நீந்தி, பாறைத்திட்டு ஆழ்கடலுக்குச் சரியும் விளிம்பில் வந்து சேர்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்கின்றன. அந்த நாட்களில் பல மீன்களின் வரிகள் மறைந்து, முதுகு கருத்து, வயிறு வெளுத்துவிடும். பொழுது சாயும் வேளையில் உடல் முழுதும் கருத்த பெண்மீன் ஒன்று முன்னே செல்ல, இருநிற மீன்கள் பின்தொடர்ந்து விர்ரென்று மேல்நோக்கிப் பாயும். உச்சியில் முட்டையும் விந்தும் ஒரு வெண்புகைபோலக் கலைந்து பரவும். அடுத்த நொடி எல்லாம் கீழே திரும்பிவிடும்.

இதை 'முட்டையிடும் திரள்' என்று எழுதுகிறோம். எனக்குக் 'கூடல்' என்ற சொல்தான் பிடித்திருக்கிறது. ஆறுகள் சேர்வதும் கூடல், இணை சேர்வதும் கூடல். இந்த மீன் செய்வது இரண்டும்தான். வேறு வேறு பாறைகளிலிருந்து வந்து சேர்கிறது, சேர்ந்து இனத்தைப் பெருக்குகிறது.

அழிவும் கூடலில்தான் தொடங்கியது. எந்த நிலவில், எந்த விளிம்பில் கூடும் என்பது ஒருமுறை தெரிந்துவிட்டால், ஒரு பெரும்பரப்பின் முதிர்ந்த மீன்களைச் சில நாட்களில் வாரிவிடலாம். 1972இல் பஹாமாஸின் பிமினி தீவை அடுத்துப் பதிவான கூடலில் 30,000 முதல் 1,00,000 மீன்கள் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அந்த அளவுக் கூடல்கள் இன்று இல்லை. பல இடங்களில் கூடலே நின்றுவிட்டது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் நசாவு களவா இப்போது மிக அருகிய இனம்.

கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவுகளில் நடந்ததைத் தனியாகச் சொல்ல வேண்டும். லிட்டில் கேமன் தீவின் மேற்கு முனையில் சுமார் 7,000 மீன்கள் கொண்ட கூடல் ஒன்றை 2001இல் மீனவர்கள் கண்டுபிடித்தார்கள். இரண்டே பருவங்களில் ஏறக்குறைய 4,000 மீன்கள் பிடிபட்டன. 2003இல் அரசு கூடல் இடங்களில் மீன்பிடிப்பை நிறுத்தியது. சில ஆண்டுகளுக்கு எதுவும் மாறியதாகத் தெரியவில்லை. முட்டையிலிருந்து வந்தவை முதிர வேண்டுமே. பிறகு எண்ணிக்கை ஏறியது. 2020இல் வெளியான ஆய்வு, கூடல் மறுபடியும் 7,000 அளவை எட்டியதாகக் கூறியது. பஹாமாஸில் டிசம்பர் முதல் பிப்ரவரி முடிய இந்த மீனைப் பிடிக்கத் தடை. கூடும் மாதங்களைக் கணக்கிட்டு வைத்த தடை அது.

எழுதுகிறவர்களுக்கு: பெயர் தெரிந்த இனமானால் ஊரையோ தோற்றத்தையோ முன்னொட்டாக வைத்து, நசாவு களவா, கோலியாத் களவா என்று எழுதலாம். 'களவா கூட்டம்' என்பதைக் கூடல் காலத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பன்மைக்குக் 'களவாக்கள்' காதில் உறுத்துகிறது. 'களவா மீன்கள்' என்றால் போதும்.