நேரடி மீன், நேரடிக் கறி: பில்லில் அந்த 14 இலக்க எண் இருக்கிறதா?

சனிக்கிழமை விடியற்காலையில் பெங்களூர் மடிவாளா பக்கம் போனால் பார்க்கலாம். தமிழ்நாட்டிலிருந்து வந்து நிற்கும் ஆம்னி பஸ்ஸின் டிக்கியைத் திறந்ததும், சூட்கேஸ்களுக்கு நடுவிலிருந்து தெர்மாகோல் பெட்டிகள் இறங்கும். சுற்றிலும் பழுப்பு டேப், மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘நாகை’ என்றோ ‘தூத்துக்குடி’ என்றோ எழுத்து, மூலையில் கசியும் தண்ணீர். ஏழு மணிக்குள் அவை கே.ஆர்.புரத்திலும் மாரத்தஹள்ளியிலும் ஏதோ ஒரு அடுக்குமாடி வாசலில் பிரிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப் குழுவில் வியாழக்கிழமையே "வஞ்சிரம் 2 கிலோ, நெத்திலி 1 கிலோ" என்று போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பவர்களில் நானும் ஒருவன்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை எங்கள் பெட்டியில் ஐஸ் என்று ஒன்றுமே மிச்சமில்லை. கானாங்கெளுத்தியின் வயிறு உடைந்து, கண் வெளுத்து, அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. கீழ்வீட்டு அக்கா ஒன்றை எடுத்து விரலால் அமுக்கிப் பார்த்தார். விழுந்த குழி எழும்பவே இல்லை. "பூனைக்குக்கூடப் போடாதீங்க தம்பி" என்றார். விற்றவருக்கு போன் போட்டேன். பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காமல் அவர் சொன்னது இது: "அண்ணே, நாங்க மீனவக் குடும்பம். படகுல இருந்து நேரா உங்க வீட்டுக்கு வருது. எங்களுக்கு லைசென்ஸ் எல்லாம் தேவையே இல்லண்ணே."

அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்ளத்தான் சட்டத்தைப் புரட்டினேன்.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைச் சட்டத்தில் 18ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு, விவசாயிக்கும் மீனவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. விவசாயி தன் பண்ணையில் விளைவிப்பதும் மீனவர் தன் தொழிலில் பிடிப்பதும் அதன் கைக்கு எட்டாதவை. ஆனால் அதே சட்டம் ‘முதல்நிலை உணவு’ என்று ஒன்றை வரையறுக்கிறது. வளர்த்ததோ பிடித்ததோ இயற்கையான வடிவிலேயே இருந்து, விவசாயி அல்லது மீனவர் அல்லாத வேறொருவர் கைக்கு வந்துவிட்டால், அது முதல்நிலை உணவு. அதாவது கை மாறும் இடத்தில் சட்டம் உள்ளே நுழைகிறது.

நாகையில் தன் வலையில் விழுந்ததைக் கரையிலேயே உங்களுக்கு நிறுத்துக் கொடுக்கும் மீனவருக்கு உரிமம் வேண்டாம். நாலைந்து படகுகளின் மீனை ஏலத்தில் எடுத்து, வெட்டி, ஐஸ் போட்டு, பெங்களூருக்குப் பஸ் ஏற்றும் அவருடைய மச்சான் மீனவக் குடும்பமாகவே இருந்தாலும், அந்த வேலையில் அவர் வியாபாரி. வாரா வாரம் குழு நடத்தி ஆர்டர் எடுப்பவர் வியாபாரி என்பதில் சந்தேகமே வேண்டாம். நம்மிடம் ‘நேரடி’ என்று சொல்லி வரும் மீனில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கை, மூன்றாவது கை மீன்தான் என்பது என் அனுமானம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் அந்தக் கைக்கு ஒரு எண் இருக்க வேண்டும்.

அதுதான் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலை ஆணையம்) எண், மொத்தம் 14 இலக்கம். படிக்கத் தெரிந்துகொண்டால் சுவாரசியமானது. முதல் இலக்கம் 1 என்றால் உரிமம், 2 என்றால் சிறு வியாபாரிக்கான பதிவு. அடுத்த இரண்டும் மாநிலம்: தமிழ்நாட்டுக்கு 24, கர்நாடகத்துக்கு 12. மத்திய உரிமமாக இருந்தால் அந்த இடத்தில் 00 இருக்கும். அதற்கடுத்த இரண்டு, எண் வாங்கிய வருடம். ஆக, 224 என்று தொடங்கினால் தமிழ்நாட்டில் பதிவு செய்த சிறு வியாபாரி. 112 என்றால் கர்நாடகத்தில் உரிமம் வாங்கிய கடை. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி எண் வேண்டும் என்பதால், நாகையில் பெட்டி கட்டுபவர் பெங்களூரில் ஒரு ஷெட் எடுத்து அங்கே மீன் வெட்டிப் பிரித்துக் கொடுத்தால், அந்த ஷெட்டுக்குக் கர்நாடக எண் தேவை. எண்ணை அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, இன்னும் செல்லுபடியாகிறதா என்று தெரிந்துவிடும். 2022 ஜனவரி 1 முதல் பில்லிலேயே இந்த எண்ணைப் போட வேண்டும் என்பதும் விதி. வாட்ஸ்அப்பில் அனுப்பும் பில்லுக்கு விலக்கு என்று எதுவும் கிடையாது.

யாருக்குப் பதிவு போதும், யாருக்கு உரிமம்? 2011 விதிகள் ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயில் கோடு போட்டன. அறுப்பதாக இருந்தால் ஒரு நாளைக்கு 10 ஆடு அல்லது 50 கோழி வரை சிறு வியாபாரம் என்று வைத்தன. இந்த வரம்புகள் திருத்தப்படக்கூடியவை, விற்பவராக நீங்கள் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால் அன்றைய நிலையை அதே தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கறிக்கு வருவோம். இங்கே கோடு இன்னும் தெளிவு. உயிருள்ள ஆடு சட்டப்படி உணவே அல்ல. கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பண்ணையில் ஆட்டைப் பார்த்து, விலை பேசி, உயிரோடு வாங்கினால் உணவுச் சட்டம் அதில் வராது. அதையே அவர் அறுத்து, கூறு போட்டு, பாக்கெட்டில் அனுப்பினால் அது உணவு வியாபாரம். ‘சொந்தப் பண்ணை’ என்ற சொல் அங்கே உதவாது.

சரி, உயிரோடு வாங்கிவந்து தீபாவளிக்கு நாலு குடும்பம் சேர்ந்து இங்கேயே அறுத்துப் பங்கு போட்டுக்கொள்ளலாமா? ஊரில் செய்வதுதானே என்று தோன்றும். 2001ஆம் ஆண்டின் அறுப்புக்கூட விதிகள்படி, நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற அறுப்புக்கூடத்தில்தான் (நம் பேச்சில் ஆடுதொட்டி) அறுக்கலாம். சினையாட்டையும் மூன்று மாதத்துக்குக் குறைந்த குட்டியையும் அறுக்கவே கூடாது. கால்நடை மருத்துவர் சான்றும் தேவை. அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடம் இதில் எதற்குள்ளும் வராது.

நாட்டுக்கோழி தனிக் கதை. பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய கிரிராஜா, கொல்லைப்புறத்தில் வளர்க்க ஏற்ற நல்ல கோழிதான், நானே விரும்பிச் சாப்பிடுவேன். ஆனால் அதை நாட்டுக்கோழி என்று சொல்லி நாட்டுக்கோழி விலைக்கு விற்பது வேறு விஷயம். வாங்குபவர் கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத பொருளைக் கொடுத்தால் 2006 உணவுச் சட்டத்தின் 50ஆம் பிரிவின் கீழ் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பதிவு மட்டும் பெற்ற சிறு வியாபாரி என்றால் அது 25,000 ரூபாய் வரை.

விலையில் இரண்டு இடத்தில் கண் வையுங்கள். புதிய மீனுக்கும் கறிக்கும், ஐஸில் குளிரவைத்ததுக்கும் ஜிஎஸ்டி கிடையாது. உறையவைத்து, அடைத்து, லேபிள் ஒட்டிய பாக்கெட்டுக்குத்தான் 5 சதவீதம். இன்னொன்று எடை. ஐஸ் எடையும் உறை எடையும் நிகர எடையில் சேராது. விற்பவரின் மின்னணுத் தராசுக்கு எடையளவுத் துறை முத்திரை ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும். மீன் வெட்டும் முன் எடையா, வெட்டிய பின் எடையா என்று ஆர்டரின்போதே கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரு கிலோ இறாலைத் தலை, ஓடு எடுத்தால் எங்கள் வீட்டில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் தேறுகிறது.

எந்தக் கடல் என்பதையும் கேளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடை. மேற்கில், மங்களூர், மால்பே பக்கம், ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் மூடியிருக்கும். நாட்டுப்படகு அப்போதும் போகும் என்பதால் மீன் அடியோடு நின்றுவிடாது. ஆனால் அந்த நாட்களில் பெட்டி பெட்டியாக ‘நேற்றுப் பிடித்த’ பெரிய வஞ்சிரம் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும்.

ஐஸ் கரைந்த அந்தக் கானாங்கெளுத்தியை அக்கா தடுத்தது நல்லதாகப் போயிற்று. கானாங்கெளுத்தி, மத்தி, சூரை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் உள்ளே ஹிஸ்டமின் உண்டாகும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலைவலியோடு படுக்க வைத்துவிடும். கெட்ட உணவால் உடல் பாதிக்கப்பட்டால் இழப்பீடு கேட்க அதே உணவுச் சட்டத்தின் 65ஆம் பிரிவு வழி தருகிறது: சாதாரண பாதிப்புக்கு 1 லட்சம் வரை, கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, உயிரிழப்புக்குக் குறைந்தது 5 லட்சம்.

புகார் செய்ய நாகைக்குப் போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், அதுவும் 2 வருடத்துக்குள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்கு போன் போட்டுப் பாருங்கள், தமிழிலும் பேசலாம். பெட்டியைத் திறக்கும்போதே ஒரு வீடியோ, யுபிஐ ரசீது, ஆர்டர் போட்ட செய்தி, இந்த மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் நாமே சோதிக்கக் கொடுக்கும் உரிமையும் உணவுச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் உண்டு. ஆனால் வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் வரும் மீனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.

நான் வழக்குவரை போகவில்லை. மேலே சொன்ன உணவுச் சட்டப் பிரிவுகளைத் தமிழில் எழுதி, மீன் விற்ற அந்தத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் பணம் திரும்பி வந்தது. ஒரு மாதம் கழித்து, 224 என்று தொடங்கும் எண்ணுள்ள பதிவுச் சான்றைக் குழுவில் போட்டு, "ஒரு வருஷத்துக்கு 100 ரூபாதான்ணே, முன்னாடியே யாரும் சொல்லல" என்றார். அந்த வாரம் வஞ்சிரம் இரண்டு கிலோ சொன்னேன். பெட்டியில் ஐஸ் பாதிக்கு மேல் இருந்தது.