புது ரோலை முதலில் கல்யாண வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள்

வன்னியில் என்னோடு வேலை செய்யும் இளம் படப்பிடிப்பாளர்கள் சிலர் மறுபடி பிலிமில் எடுக்க ஆசைப்படுகிறார்கள். சந்தோசமான விசயம்தான். ஆனால் கறுப்பு வெள்ளை ரோல் எதுவாக இருந்தாலும் ஒன்றுதானே என்று நினைத்து வேலைக்குக் கொண்டு போகிறார்கள். அதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நாம் பழகிய எச்பி5, ட்ரை-எக்ஸ் ரோல்கள் எல்லாம் சிவப்பு உட்பட எல்லா நிறத்தையும் பதிபவை. இல்ஃபோர்ட் பிலிம் நிறுவனம் 2019இல் 35 மி.மீ. அளவில் கொண்டு வந்த ஓர்த்தோ பிளஸ் அப்படியில்லை. அதற்குச் சிவப்புத் தெரியாது. முழங்காவில் பக்கத்துச் செம்மண் ஒழுங்கையை அதில் எடுத்தால் மண் கறுத்துப் போகும், நீல வானம் வெளிறிப் போகும். மேகம் எடுப்பாக வரட்டும் என்று பழக்கத்தில் சிவப்பு பில்டர் போட்டீர்களோ, நெகட்டிவில் ஒன்றுமே இருக்காது.

முகங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். வேப்பமர நிழலில் ஓர் அம்மாவை எடுத்துப் பார்த்தேன். குங்குமம் மைப்பொட்டாக வந்தது. வெற்றிலை போட்ட உதடு கறுத்து, மாநிறத் தோல் இன்னும் ஒரு படி இருண்டு, கன்னத்துச் சுருக்கம் ஒவ்வொன்றும் அழுத்தமாக விழுந்திருந்தது. எனக்கு அந்தப் படம் மிகவும் பிடிக்கும். ஆனால் ஒரு மணப்பெண்ணுக்கு அதைக் கொடுக்க முடியுமா?

இடப்பெயர்வில் ஆல்பத்தையே இழந்த குடும்பங்கள் இங்கே நிறைய. "அம்மம்மாவை ஒரு படம் எடுத்துத் தாங்கோ" என்று கேட்கிற வீட்டில் தெரியாத ரோலைப் பரீட்சித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை.

முதல் ரோலை உங்கள் சொந்த வளவிலேயே முடியுங்கள். சிவப்புத் துணி, வாழையிலை, வீட்டாள் ஒருவரின் முகம் மூன்றையும் ஒரே பிரேமில் வைத்து, ஐ.எஸ்.ஓ. 80இலும் 40இலும் 25இலும் எடுத்துக் குறித்து வையுங்கள். ஓர்த்தோவின் வேகம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் திறன், பகல் வெளிச்சத்தில் 80, மஞ்சள் பல்பின் கீழ் 40தான். வற்றாப்பளைக் கோயில் பொங்கல் இரவுக்கு அது சரிவராது.

அப்புறம் கழுவுவது. நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியசுக்குத்தான் போட்டிருக்கும். நம் தாங்கித் தண்ணீர் மத்தியானத்தில் 30ஐத் தொடும். அந்தச் சூட்டில் அதே நேரம் விட்டால் நெகட்டிவ் அடர்ந்து, வெள்ளைப் பகுதிகளில் விவரம் போய்விடும். டெவலப்பர் மருந்துப் போத்தலை ஐஸ் தண்ணீர் வாளிக்குள் இறக்கி வைத்துக் குளிர வையுங்கள். ஐஸ் கட்டியை மட்டும் நேரே மருந்துக்குள் போடாதீர்கள், மருந்து நீர்த்துவிடும்.