போன ரத்தத்துக்குக் கணக்கு

ஆபரேஷன் தியேட்டரில் எவ்வளவு ரத்தம் போயிருக்கிறது என்று கேட்டால் சர்ஜன் ஒரு கணக்குச் சொல்வார், மயக்க மருந்து டாக்டர் வேறு கணக்குச் சொல்வார். சர்ஜனுடையது எப்போதும் குறைவு என்பது டாக்டர்களுக்குள் ஓடும் பழைய கேலி. கேலி ஒருபக்கம் இருக்கட்டும், ரத்தப்போக்கு கூடக்கூட யாருடைய கண்ணும் குறைத்துத்தான் மதிப்பிடும். பெலகாவியில் பிரசவங்களை வைத்து நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையில் சேர்ந்ததைவிடக் கண் மதிப்பு 33 சதவீதம் குறைவாக இருந்தது.

அதனால் எடை போடுகிறார்கள். ரத்தத்தில் நனைந்த மாப், காஸ் துணிகளைத் தராசில் வைத்து, உலர்ந்த துணியின் எடையைக் கழித்தால் மிஞ்சும் ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி. ஒரு மில்லி ரத்தம் சுமார் 1.06 கிராம் என்றாலும் அந்த வித்தியாசம் இங்கே பெரிதில்லை. அப்புறம், குழாயால் உறிஞ்சிய ரத்தம் சேரும் சக்‌ஷன் பாட்டில். வயிற்றைக் கழுவிய சலைனும் அதற்குள்தான் போகும், ஆகவே எவ்வளவு ஊற்றினோம் என்று யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும். சிசேரியனில் பனிக்குட நீரும் சேர்ந்துகொள்ளும். அதை உறிஞ்சி முடித்ததும் பாட்டிலில் ஒரு கோடு போட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். இத்தனைக்குப் பிறகும் விரிப்புக்கு அடியில் தேங்கியதும் தரையில் வழிந்ததும் விடுபட்டுப் போகலாம்.

சரி, நேராக ஹீமோகுளோபினைப் பார்த்துவிடலாமே? அதில்தான் ஏமாற்றம். பாத்திரத்தில் இருக்கும் ரசத்தில் பாதியைக் கொட்டிவிட்டால் மீதி ரசத்தின் புளிப்பு குறையாது, தண்ணீர் விட்டால்தான் குறையும். ரத்தமும் அப்படித்தான். சலைன் ஏறி, திசுக்களிலிருந்தும் நீர் ரத்தக்குழாய்க்குள் வந்து சேர்ந்த பிறகே அந்த எண் இறங்கும். ஒரு லிட்டர் போன கையோடு எடுத்த ரத்த மாதிரியில் எல்லாம் சரியாக இருப்பதாகவே தெரியலாம். பிரஷரும் உடனே காட்டிக்கொடுக்காது. உடல் ரத்தக்குழாய்களைச் சுருக்கிச் சமாளிப்பதால், சுமார் 30 சதவீதம் போகும்வரை பிரஷர் அவ்வளவாக இறங்காமல் இருக்கலாம். நாடித்துடிப்பு அதற்கு முன்பே ஏறத் தொடங்கும்.

எவ்வளவு போனது என்பதோடு, யாருக்குப் போனது என்பதும் முக்கியம். கர்ப்பப்பைக் கட்டிக்காக சென்னை ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்திருக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். பெரம்பூர்க்காரருக்கு ஹீமோகுளோபின் 10, அதாவது 100 மில்லி ரத்தத்தில் 10 கிராம், அடையாறுக்காரருக்கு 13. இருவரும் 60 கிலோ. பெண்களுக்குக் கிலோவுக்கு 65 மில்லி என்று வைத்தால் உடலில் இருப்பது 3,900 மில்லி. எண் 7 வரை இறங்கலாம் என்றால், இறங்கக்கூடிய அளவைத் தொடக்க எண்ணால் வகுத்து 3,900-ஆல் பெருக்க வேண்டும். முதலாமவர் தாங்கும் இழப்பு 1,170 மில்லி, இரண்டாமவருக்கு 1,800. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதனால் ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பே இரும்புச்சத்து ஏற்றுவது, கடைசி நேரத்தில் ‘ரெண்டு பேரைக் கூட்டிட்டு வாங்க’ என்று உறவினரை பிளட் பேங்குக்கு ஓடவிடுவதைவிட எவ்வளவோ மேல்.

7 என்ற எல்லைக்கு முக்கியமான ஆதாரம் 1999-ல் வெளியான கனடா ஆய்வு. தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு 7-க்குக் கீழே இறங்கினால் மட்டும் ரத்தம் ஏற்றுவது, 10-க்குக் கீழேயே ஏற்றுவதைவிடப் பொதுவாக மோசமில்லை என்று அது காட்டியது. இதய நோய் இருந்தால் எல்லையை 8 என்று வைப்பது வழக்கம். நிதானமான ரத்தப்போக்கில் ஒரு யூனிட் ஏற்றி, எண் சுமார் 1 கிராம் ஏறியதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைக் கேட்பார்கள். ரத்தம் கொட்டும்போது இந்த எண்கள் எதற்காகவும் காத்திருப்பதில்லை. லேப் ரிப்போர்ட் வருவதற்குள் சிவப்பணு, பிளாஸ்மா, தட்டணு மூன்றும் சேர்த்தே ஏறத் தொடங்கிவிடும்.